காது டீச்சர் சிரித்ததால் வந்த இடமாறுதல்

காது டீச்சரின் வகுப்பில் யாரும் கையைத் தூக்குவதில்லை. தூக்கினால் கைதான் வலிக்கும். பேச வேண்டியவர்கள் முதலில் தங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். "ரெண்டாம் பெஞ்ச், சுவர் ஓரம்" என்று சொன்ன பிறகுதான் சந்தேகம் கேட்கலாம். இடம் சொல்லாமல் யாராவது வாயைத் திறந்தால், "காத்து பலமா அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்க" என்பார். அவரும் யாரையும் பொத்தாம் பொதுவாகக் கேட்க மாட்டார். "கடைசி பெஞ்ச், கதவு ஓரம், நீ சொல்லு" என்றுதான் கேட்பார். கேள்வி என்றால் அதற்கு ஒரு முகவரி இருக்க வேண்டும், முகவரி இல்லாத கேள்விக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை என்பது அந்த வகுப்பின் சட்டம்.

பேர் வைத்தது பிள்ளைகள்தான். டீச்சருக்குப் பார்வை கிடையாது, அதனால் காது இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பேர் டீச்சருக்குத் தெரியாது என்று இன்னொரு நம்பிக்கை. காது என்று பேர் வைத்துவிட்டு, அந்தக் காதுக்கே அது கேட்காது என்று நினைக்கப் பிள்ளைகளால் மட்டும்தான் முடியும்.

இடமாறுதல் ஆணை வந்த அன்று அவர் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தேசத்தில் வீட்டு ஜன்னல்களுக்கு வரி போட்ட கதை.

"முதல் பெஞ்ச், நடுவுல. டீச்சர், ஜன்னலை அடைச்சுட்டா வரி கிடையாதா?"

"கிடையாது. நிறையப் பேர் அடைச்சுட்டாங்க."

"அப்போ இருட்டுல எப்படி இருந்தாங்க?"

"ஏன், நான் இல்லையா" என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. "கதவுகிட்ட, ஆபீஸ் ஆளு" என்றது ஒரு குரல். பள்ளியின் அலுவலக உதவியாளர். இந்த வகுப்புக்கு வந்தால் அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஒரு ஆணை வந்திருக்கிறது என்றார். தாழ்வாரத்துக்கு வந்து, படிக்கச் சொன்னார் டீச்சர். உதவியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். பார்வையற்ற ஆசிரியர் என்பதைக் கருத்தில் கொண்டு, அவரது விருப்பத்தின் பேரில், நகரின் மறுகோடியில் உள்ள பார்வையற்றோர் சிறப்புப் பள்ளிக்கு மாற்றப்படுகிறார். வரும் திங்கட்கிழமை அங்கே பணியில் சேர வேண்டும்.

"அந்த விருப்பம் வர்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க."

"அவரது விருப்பத்தின் பேரில்."

"யாரோட விருப்பம்?"

"உங்களோடதுனுதான் போட்டிருக்கு டீச்சர்."

"எனக்கு இப்படி ஒரு விருப்பம் வந்த விஷயமே எனக்கு இப்பதான் தெரியுது" என்றார் டீச்சர். பிறகு வெள்ளைக்கோலை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமையாசிரியைக்குத் தொண்டை வறட்சி. எப்போதும் ஒரு தகர டப்பாவிலிருந்து மிட்டாய் எடுத்துச் சப்பிக்கொண்டிருப்பார். டப்பா குலுங்கும் வேகத்தை வைத்தே அவருடைய மனநிலையைச் சொல்லிவிடலாம். அன்று டப்பா குலுங்கிக்கொண்டே இருந்தது.

"போன வாரக் கூட்டத்துல கல்வி அதிகாரி உங்களைக் கேட்டாரேம்மா. எல்லாரும் இருந்தோமே."

"என்ன கேட்டார்?"

"பிள்ளைங்க குறைஞ்சதால வரலாறுக்கு ஒரு ஆசிரியர் கூடுதல், ஒருத்தரைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாம்னு இருக்கோம்னார். அப்புறம் 'உங்களுக்குச் சம்மதம்தானே மேடம்'னு கேட்டார்."

"அந்தக் கூட்டத்துல எத்தனை மேடம் இருந்தாங்க?"

டப்பா நின்றது. "அவர் உங்களையேதான் பாத்துக் கேட்டார்."

"பாத்துக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

பெரிய டீச்சர் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சங்கடத்தோடு சொன்னார். "நீங்க மறுப்பா ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம்னு எழுதிக்கிட்டார். அதுவும் இல்லாம, நீங்க சிரிச்சீங்க."

துறையில் ஒரு விதி இருக்கிறது. பார்வையில்லாத ஆசிரியரை வழக்கமான இடமாறுதலில் சேர்க்கக் கூடாது. அவராகக் கேட்டால் ஒழிய அவரை நகர்த்தக் கூடாது. அது சலுகை இல்லை. கண் உள்ளவர்கள் ஒரு புது இடத்துக்குப் போனால் வாசலில் நின்று ஒரு பார்வையில் இடத்தை வாங்கிக்கொள்வார்கள். பார்வையில்லாதவர் அதே இடத்தை முழங்காலில் அடிபட்டு அடிபட்டுத்தான் வாங்க வேண்டும். எந்தப் படியில் விளிம்பு உடைந்திருக்கிறது, எந்த ஓட்டுநர் நிறுத்தத்தில் சரியாக நிறுத்துவார், சாலையைக் கடக்க யாரிடம் கை நீட்டலாம், யாரிடம் நீட்டினால் பிச்சை என்று நினைப்பார்கள் என்பதெல்லாம் வருஷக் கணக்கில் சேர்த்த சொத்து. அந்தச் சொத்தை ஒரு காகிதத்தால் பிடுங்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி.

நியாயப்படி, கடைசியாக வந்த வரலாற்று ஆசிரியர்தான் போக வேண்டும். கடைசியாக வந்தவர் சின்ன டீச்சர். சின்ன டீச்சரின் மாமா மேலிடத்தில் இருந்தார். அதனால் விதியைத் தாண்ட ஒரு வழி தேவைப்பட்டது. காது டீச்சர் தானே விரும்பினார் என்று எழுதினால் விதி வாயை மூடிக்கொள்ளும்.

தன்னைச் சிரிக்க வைத்தது யார் என்று டீச்சருக்குத் தாழ்வாரத்தில் நடக்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. கூட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கணக்கு சார். கணக்கு சாரின் வாய் சும்மா இருக்காது. ஆசிரியர் அறைக்குப் போய், "ஜன்னல்கிட்ட கணக்கு சார் இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கேன் டீச்சர். கேள்விப்பட்டேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "நான்தான் பாவி."

"நீங்க என்ன சொன்னீங்கனு நான் சிரிச்சேன்?"

"வேண்டாம் டீச்சர். அது அதிகாரியைப் பத்தின ஜோக்."

கேட்காமலே ஓரமாகத் தள்ளிவிடப்படுவது காது டீச்சருக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவருக்குப் பார்வை குறைய ஆரம்பித்தது. கரும்பலகை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. அவர் பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தார். முதல் பெஞ்சுக்கு வந்த பிறகும் பலகை போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அது போயே விட்டது. வைத்தியர் கையை விரித்த அன்று அவருடைய அம்மா, "யார் கண்ணு பட்டதோ" என்று அழுதாள். "பட்ட கண்ணை எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா, எனக்காவது கொடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார் இவர். அழுதுகொண்டிருந்த அம்மா முதுகில் ஒன்று வைத்துவிட்டு மறுபடி அழுதாள்.

சிறப்புப் பள்ளியில், புள்ளி குத்தி எழுதும் பிரெய்ல் படித்தார். கல்லூரியில் அவர் படித்த பாடத்துக்குப் பிரெய்ல் புத்தகம் கிடையாது. அண்ணன்தான் ராத்திரி வேலைக்குக் கிளம்பும் முன் பாடங்களைப் படித்து ஒலிநாடாவில் பதிந்து கொடுப்பான். அண்ணனுக்கு வரலாறு பிடிக்காது. பிடிக்காத இடங்களில் தன் கருத்தையும் சேர்த்துப் பதிந்துவிடுவான். ஒரு தேர்வில் இவர் சொல்லச் சொல்ல எழுதிய பெண், ஒரு போரைப் பற்றிய பதிலில், 'இந்த அரசனுக்கு வேறு வேலை இல்லை' என்று எழுதிவிட்டாள். அது அண்ணனின் வரி என்று இவருக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பதிலுக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது. அண்ணன் இன்றுவரை அதில் பங்கு கேட்கிறான்.

வேலை கிடைத்ததும் முதல் பள்ளியில் அவரை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். "உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம்" என்றார்கள். பார்வையில்லாதவரை நூலகத்தில் உட்கார வைத்தது யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு நாள் வேறு ஆசிரியர் விடுப்பு என்று தெரிந்ததும் இவரே எழுந்து அந்த வகுப்புக்குப் போனார். பாதி வகுப்பு சத்தமில்லாமல் வெளியே நழுவியது. மீதிப் பாதி, இரண்டு பாதிக்கும் சேர்த்துச் சத்தம் போட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. காது எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்பதெல்லாம் பிற்காலப் புராணம். முதல் வருஷம் அவர் நன்றாக ஏமாந்தார். ஏமாந்து ஏமாந்துதான் இடம் சொல்லும் சட்டத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் நூலகத்துக்கு அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆணையைப் பற்றிச் சொன்னதும் அவருடைய கணவர் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அங்க போனாத்தான் என்ன? நீ படிச்ச இடம்தானே. எல்லாருக்கும் உன்னைப் புரியும்."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இவர்கள் முதலில் பேசிக்கொண்டதே ஒரு லிஃப்ட் நடுவில் நின்றபோதுதான். மேலேயிருந்து அவர், "இருட்டா இருக்கும், பயப்படாதீங்க" என்று குரல் கொடுத்தார். "எனக்கு எப்பவும் இப்படித்தான், நீங்க பதறாம வேலையைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து இவர் பதில் கொடுத்தார்.

"அங்க இருக்கற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது எனக்கு ஒரு குறைச்சல் இல்ல" என்றார் டீச்சர். "கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். கேக்காமலே நான் சரின்னு சொன்னதா எழுதிட்டாங்களே, அதுதான்."

"அரசாங்கத்தோட மோதறது சுவத்துல முட்டற மாதிரி."

"சுவர் எங்க இருக்குனு நான் முட்டித்தானே கத்துக்கிட்டேன்."

கணவர் கரண்டியை வைத்தார். "உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுனு தெரிஞ்சும் பேசறேன் பாரு."

விதியைத் தேடி எடுத்துப் படித்துப் பதிந்து அனுப்பியது அண்ணன். பழைய பழக்கம் போகவில்லை. விதியின் முடிவில், "இதை எழுதினவன் மனுஷன். இதைப் படிக்காம நாற்காலியில உக்காந்திருக்கறவனை என்னனு சொல்றது" என்றும் இருந்தது. டீச்சர் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மனப்பாடம் செய்தார்.

அதற்குள் சிறப்புப் பள்ளியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கே இருக்கும் பாட்டு டீச்சர் இவருடைய பள்ளித் தோழி. அவருக்கும் பார்வை கிடையாது.

"நீயும் வர்றியாமே. 'விரும்பி' வர்றியாம்" என்றார் பாட்டு டீச்சர்.

"நீ எப்படி அங்க போன? உனக்கு இஷ்டம்னுதானே அன்னிக்குச் சொன்ன."

"நான் எங்கடி சொன்னேன். 'அங்க உங்களுக்கு வசதியா இருக்கும்ல'னு கேட்டாங்க. வசதியாத்தான் இருக்கும்னு சொன்னேன். மறுவாரம் விருப்பம்னு ஆணை வந்துடுச்சு. வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் போறேன், அம்மா எனக்காக வாசல்லயே உக்காந்திருக்காங்க."

அந்தப் பேச்சுக்குப் பிறகு காது டீச்சர் அண்ணன் அனுப்பிய பதிவை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார். கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைத் தானாகக் குறைத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார். துணைக்குக் கணக்கு சார் வந்தார். வழி நெடுக, "ஜோக்கை மட்டும் கேக்காம இருந்தா சரி" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. நல்ல கனமான குரல். தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். ஓரத்தில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. தட்டச்சு செய்யும் அம்மா அங்கே இருக்கிறார் என்று கணக்கு சார் சொன்னார்.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம் செஞ்சேன்" என்றார் அதிகாரி. "அங்க விடுதி இருக்கு. சாலையைக் கடக்க வேண்டாம். கடைசியா ஒரு வார்த்தை சொல்றேன், உங்களை மாதிரி இருக்கறவங்க உங்களை மாதிரி இருக்கறவங்களோட இருந்தா பாதுகாப்பு. அதோட கடைசியா ஒண்ணு, நீங்களும் மறுக்கல."

டீச்சர் தன் நாற்காலியை மின்விசிறிச் சத்தம் வந்த மூலைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அங்கே யாரும் இல்லை. "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. விசைப்பலகையும் நின்றது.

"யாரும் மறுக்கல. சம்மதம்னு எழுதிக்கலாமா சார்?"

"எதுக்கு? நீங்க யாரைக் கேட்டீங்கனே தெரியலையே."

"கூட்டத்துல எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு."

அதிகாரி மேசையிலிருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார். பிறகு, "ஆனா நீங்க சிரிச்சீங்களே. நானே பாத்தேன்" என்றார்.

கணக்கு சார் எழுந்து நின்றார். அவர் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது.

"அது என்னால சார். நீங்க பேசும்போது 'கடைசியா ஒரு வார்த்தை'னு பல தடவை சொன்னீங்க. அதனால நான் டீச்சர் காதுல..."

"காதுல?"

"இவரோட கடைசி வார்த்தை கணக்குல வர்ற முடிவிலி மாதிரி, கிட்டக் கிட்டப் போகலாம், தொடவே முடியாதுனு சொன்னேன் சார்."

தட்டச்சு அம்மாவுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல். அது இருமல் இல்லை என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்த சத்தம் கேட்டது. கோபப்படுவார் என்று கணக்கு சார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டார். "சரி. ரத்து பண்ணிடலாம். எழுதிக்கோங்கம்மா. பார்வையற்ற ஆசிரியரின் நிலையைக் கருதி, மனிதாபிமான அடிப்படையில், இடமாறுதல் ரத்து செய்யப்படுகிறது."

கணக்கு சார் டீச்சரின் தோளைத் தொட்டார். கிளம்பலாம் என்று அர்த்தம். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"மனிதாபிமானம் வேண்டாம் சார். விதிப்படினு எழுதுங்க. விருப்பம் கேக்காம மாத்தினதால ரத்துனு எழுதுங்க."

"எப்படி எழுதினா என்ன மேடம்? உங்களுக்கு அதே பள்ளிக்கூடம்தானே."

"எனக்கு அதேதான். மனிதாபிமானம்னு எழுதினா எனக்கு மட்டும்தான். விதினு எழுதினா, இதே மாதிரி 'விரும்பிப்' போனவங்க இன்னும் இருக்காங்க, அவங்களும் வந்து கேக்கலாம்."

இப்போதுதான் அதிகாரிக்குக் கோபம் வந்தது. தான் தப்புச் செய்ததாகத் தன் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. "தானமா கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறீங்களேம்மா."

"தானமா கொடுத்தாத்தானே சார் பாக்கக் கூடாது. இது என் மாடு. நான் பல்லைப் பாப்பேன்."

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. பழைய ஆணை அப்படியே இருக்கட்டும். திங்கக்கிழமை அங்க போய்ச் சேருங்க. சேரலைன்னா சம்பளம் நிக்கும்."

"நிக்கட்டும்" என்றார் டீச்சர்.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கணக்கு சார் புலம்பினார். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைனு சொல்லுவாங்க. நீங்க வாய்க்கு வந்ததைத் துப்பிட்டு வர்றீங்களே டீச்சர்."

"கசந்தா துப்பத்தானே வேணும் சார்."

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. அதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று படுக்கையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. தோழிக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்தது சரிதானா என்று மனம் அரித்தது. தோழி அப்படி ஒன்றும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை அவர் தன் பள்ளிக்கே போனார். அலுவலக அறையில் டப்பா குலுங்கியது. "வருகைப் பதிவேட்டுல உங்க பேர் இல்லையேம்மா" என்றார் பெரிய டீச்சர்.

"பதிவேடு உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒன்பதாம் வகுப்பு."

வகுப்பில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். "மேசைகிட்ட, சின்ன டீச்சர்" என்றது ஒரு நடுங்கும் குரல். "சத்தியமா நான் கேக்கல டீச்சர். எங்க மாமாதான் பேசியிருக்கார். எனக்கு ஆணை வந்தப்புறம்தான் தெரியும்."

"உங்களையும் கேக்கலையா" என்றார் காது டீச்சர். "இவங்களுக்குக் கேக்கற பழக்கமே கிடையாது போல."

சின்ன டீச்சர் சுண்ணக்கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியே போனார். நேராகப் பெரிய டீச்சரின் அறைக்குத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க காது டீச்சர் கையெழுத்துப் போடாமலே பாடம் நடத்தினார். ஆசிரியர் அறையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. தனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்றே நினைத்தார். நாற்காலிகள் ஒன்று சேர்வதும் கணக்கு சார் யாரிடமோ கிசுகிசுப்பதும் காதில் விழுந்தன. காது டீச்சரின் காதுக்கு அந்த ஒரு விஷயம் மட்டும் எட்டவில்லை. கணக்கு சாருக்கு வாயை மூடத் தெரியும் என்பது அந்த வாரத்தில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய டீச்சர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டப்பா அமைதியாக இருந்தது. "அதிகாரிக்கு நாங்க ஒரு மனு அனுப்பினோம். படிக்கிறேன், கேளுங்க" என்று படித்தார்.

'அன்றைய கூட்டத்தில் தாங்கள், உங்களுக்குச் சம்மதம்தானே மேடம் என்று கேட்டீர்கள். கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் அனைவரும் அந்தக் கூட்டத்தில் இருந்த மேடம்கள். எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை. சிலர் சிரித்தும் இருக்கிறோம். மௌனமும் சிரிப்பும் சம்மதம் என்பதால், எங்கள் அனைவரையும் எங்கள் விருப்பத்தின் பேரில் சிறப்புப் பள்ளிக்கு உடனே மாற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

"முதல் கையெழுத்து என்னோடது" என்றார் பெரிய டீச்சர். "ரெண்டாவது சின்ன டீச்சரோடது. நான் அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும்மா. நாற்காலி போயிடும்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

காது டீச்சர் டப்பா இருந்த பக்கம் கையை நீட்டினார். "ஒரு மிட்டாய் கொடுங்க" என்றார்.

மனு அதிகாரியின் மேசையில் எத்தனை நாள் கிடந்ததோ, அதற்குள் அது அலுவலகம் அலுவலகமாகப் பரவிவிட்டது. மற்றப் பள்ளிகளிலிருந்தும் மேடம்கள் இதே போல் எழுத ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்கு வராதவர்கள்கூட எழுதினார்கள். கடைசியில் ஒரு நாள் இடைவேளையில் டீச்சரின் கைப்பேசி அடித்தது. தட்டச்சு அம்மா.

"இப்பதான் அடிச்சு முடிச்சேன். கையெழுத்தும் ஆயிடுச்சு. தபால் வர நாளாகும், அதனால படிச்சுடறேன் மேடம். ஆசிரியரின் விருப்பம் முறைப்படி கேட்கப்படாத காரணத்தால், பார்வையற்ற ஆசிரியர்களுக்கான விதியின்படி, இடமாறுதல் ரத்து செய்யப்படுகிறது."

"மனிதாபிமானம் எங்கயாவது இருக்கா?"

"ஒரு சொட்டுக்கூட இல்ல மேடம்."

டீச்சர் நன்றி சொல்லிவிட்டு உடனே பாட்டு டீச்சருக்குப் போன் போட்டார். ஆணையின் வாசகத்தை அப்படியே ஒப்பித்தார். "இதே மாதிரி நீயும் எழுதிக் கொடு. வசதியா இருக்கும்னு சொன்னது விருப்பம் இல்லைனு எழுது. நான் கூட வர்றேன்."

மறுமுனையில் ஆர்மோனியம் யாரோ தப்புத்தப்பாக வாசிப்பது கேட்டது. பாட்டு டீச்சர் தயங்கினார். "இங்க பிள்ளைங்க இப்பதான்டி சுதி சேர ஆரம்பிச்சிருக்காங்க. அங்க அம்மா. திரும்பிப் போகணுமா வேண்டாமானு எனக்கே தெரியல. நீ இவ்வளவு பண்ணினப்புறம் நான் போகலைன்னா உனக்கு வருத்தமா இருக்குமா?"

"போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்" என்றார் காது டீச்சர். "மனுவைக் கொடு. முதல்ல அவங்க உன்னைக் கேக்கட்டும்."

பாட்டு டீச்சர் ஆர்மோனியம் வாசித்த பிள்ளையை நிறுத்தச் சொன்னார்.

"சரி, சொல்லு. எழுதிக்கறேன். மெதுவா சொல்லு, பிரெய்ல்ல குத்தணும்ல."